ஜோடி ஓட்டு

சிவப்புக் கட்சிக்காரர் லோர்னின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். அவருக்குப் பின்னால் நீலக் கட்சிக்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவருக்கும் பின்னால், நனைந்த கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, பச்சைக் கட்சியின் பெண். நாளைய மாகாணத் தேர்தலில் இந்தத் தொகுதிக்கு நிற்பவர்கள் இந்த மூன்று பேரும்தான். அவர்களுக்குப் பின்னால் துக்கக் கூடத்தின் வாசல் வரைக்கும் ஊர் நின்றது. லோர்னின் இடப்பக்கம், பூக்களுக்கு நடுவே, திறந்த பெட்டியில் அவர் மனைவி எல்வா படுத்திருந்தாள். யாரோ அவள் உதட்டுக்குச் சாயம் பூசிவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவள் அதைத் தொட்டதில்லை.

“பெரிய இழப்பு,” என்றார் சிவப்புக்காரர். “எல்வா மாதிரி ஒருத்தரை இனிமே பாக்க முடியாது.”

“இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களா?”

சிவப்புக்காரர் யோசித்தார். “கூட்டுறவுக் கடையில ஒரு தடவை,” என்றார்.

லோர்ன் கையை உருவிக்கொண்டார். அவரும் சிவப்புதான். அவர் அப்பா சிவப்பு, அப்பாவின் அப்பா சிவப்பு. அதற்கும் முன்னால் கப்பலில் வந்து இந்தத் தீவில் இறங்கியவன் என்ன நிறம் என்று தெரியாது. அவனும் சிவப்பாகத்தான் இருந்திருப்பான். அதற்காகச் சிவப்புக்காரனை நம்ப வேண்டும் என்று இல்லை. சாவுக்கு வருகிற அரசியல்வாதி பெட்டியைப் பார்க்க மாட்டான், வரிசையைத்தான் பார்ப்பான்.

நீலக்காரர் சீக்கிரம் முடித்துக்கொண்டார். இந்த வீட்டில் மனைவி வழிதான் நீலம், அந்த வழி இப்போது பெட்டியில் கிடக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். செத்தவளுக்கு ஓட்டில்லை என்கிற கணக்கு அவர் முகத்திலேயே ஓடியது.

பச்சைக்காரி சின்ன வயதுக்காரி. காய்கறி போட்டுச் சந்தையில் விற்கிறவள். நகக்கண்ணில் மண் இருந்தது. அவள் துக்கம் சொல்லவில்லை. பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “இவங்க பாத்திரம் ஒண்ணு என்கிட்ட இருக்குங்க,” என்றாள். “அன்னைக்குக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தாங்க. நாளைக்கு எடுத்துட்டு வந்து குடுத்துடறேன்.”

“எந்தக் கூட்டம்?”

“நூலகத்துல நடந்துச்சே, அந்த வாக்கெடுப்பைப் பத்தி விளக்கற கூட்டம். கடைசியா இவங்க எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டாங்க. எங்க ஒருத்தருக்கும் பதில் தெரியல.”

என்ன கேள்வி என்று கேட்க லோர்ன் வாயெடுப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் அவளை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கை வந்தது. அதற்கடுத்த கை. எல்வா வாரம் தவறாமல் நூலகத்துக்குப் போவாள். புத்தகம் மாற்றத்தான் போகிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

அவள் சனிக்கிழமை காலை செத்துப்போனாள். கொல்லையில் துணி உலர்த்தப் போனவள் திரும்பவில்லை. வேலியோரம் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று லோர்ன் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எழுந்து போய்ப் பார்த்தபோது கொடியில் பாதித் துணி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. மீதி கூடையில் இருந்தது. அவள் கூடைக்குப் பக்கத்தில் கிடந்தாள். இதயம் என்றார் டாக்டர். வேறு என்னவாக இருக்க முடியும் என்று லோர்ன் அவரிடம் கேட்டார்.

வரிசை ஒருவழியாகக் கரைந்தபின், கோட்டுகள் மாட்டியிருக்கும் அறைக்குள் எமெட் அவரைத் தேடி வந்தான். ஒரு காலத்தில் லோர்னின் படகில் சிங்கி இறால் பிடிக்கக் கூட வந்தவன். இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான். தேர்தல் வந்தால் சிவப்புக் கட்சிக்கு வண்டி ஓட்டுவான். நடக்க முடியாதவர்களை, நடக்க மனமில்லாதவர்களை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுச் சாவடியில் இறக்கித் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை.

“கேப்டன், ஒரு விஷயம். இப்ப சொல்றதா, அப்புறம் சொல்றதான்னு தெரியல.”

“சொல்லிட்டுப் போ.”

“போன வாரம் முன்கூட்டியே போடற ஓட்டு நடந்துச்சே. அதுக்கு எல்வாவை நான்தான் கூட்டிட்டுப் போனேன்.”

லோர்ன் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தார். மற்றக் கை வெளியே நின்றது.

“முடி வெட்டிக்கப் போறேன்னு சொல்லிட்டுல்ல போனா.”

“முடியும் வெட்டிக்கிட்டாங்க. அப்புறம், ‘எமெட், அப்படியே சாவடிப் பக்கம் விடு’ன்னாங்க. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்க ஜோடி ஊருக்கே தெரியுமே. ‘அவர்கிட்ட நீ சொல்லாதே, நானே சொல்றேன்’னாங்க. சொன்னாங்களா?”

லோர்ன் இரண்டாவது கையையும் நுழைத்துப் பொத்தான் போட்டார்.

“இல்ல,” என்றார்.

ஜோடி என்பது தீவின் பழைய ஏற்பாடு. ஒரு சிவப்பும் ஒரு நீலமும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டு தேர்தலன்று இருவருமே வீட்டில் இருந்துவிடுவது. போனாலும் இரண்டு ஓட்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடப் போகிறது. எதற்காக இரண்டு பேரும் சேற்றில் வண்டி ஓட்டிக்கொண்டு போவது. அண்ணன் தம்பி ஜோடி போடுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருப்பவர்கள் போடுவார்கள். போட்டுவிட்டு, மறைவாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன் என்று தெரிந்தால் அவனுக்கு யாரும் படகு இரவல் தரமாட்டார்கள். அவன் பேரனுக்கும் தரமாட்டார்கள்.

லோர்னும் எல்வாவும் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் தேர்தலில் ஜோடி போட்டார்கள். சொன்னது லோர்ன். எல்வாவின் அப்பா நீலத்தில் ஊறினவர். மாப்பிள்ளை தன் வீட்டு ஓட்டு ஒன்றைத் திருடிவிட்டான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தலன்று காலை எல்வா தொலைபேசியின் ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவாள். இருவரும் கிரிபேஜ் ஆடுவார்கள். சீட்டு ஆடி, பலகைத் துளைகளில் குச்சியை நகர்த்திக்கொண்டு போகிற ஆட்டம். சிவப்பு வண்டியும் நீல வண்டியும் வாசலுக்கு வரும். இரண்டு டிரைவர்களுக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சாவடி மூடுகிற நேரம் வரை ஆட்டம் நடக்கும். பெரும்பாலும் எல்வாதான் ஜெயிப்பாள்.

அப்படிப்பட்டவள் போய் ஓட்டுப் போட்டிருக்கிறாள்.

காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பெர்லி நின்றுகொண்டிருந்தான். எல்வாவின் தம்பி. இந்தப் பக்கத்துக்கு நீல வண்டி ஓட்டுகிறவன் அவன்தான். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

“பெர்லி, உங்கக்கா ஓட்டுப் போட்டிருக்கா.”

பெர்லியின் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. “எங்கக்காவா? ஜோடி போட்டுட்டா?”

“எமெட் கூட்டிட்டுப் போயிருக்கான்.”

பெர்லி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “யாருகிட்டயும் சொல்லிடாத மச்சான். குடும்ப மானம் போயிடும்.” பிறகு காபியை ஒரு வாய் குடித்தான். “ஆனா நீலந்தான் போட்டிருக்கா. அதுல சந்தேகமே இல்ல.”

“எப்படித் தெரியும்?” என்று பின்னாலிருந்து எமெட் கேட்டான். “வந்தது என் வண்டில. கதவுல இத்தாம் பெரிசு செவப்புப் பலகை.”

“ஓசில வர்ற வண்டி என்ன கலரா இருந்தா என்னடா. போன தேர்தல்ல உங்காளு குடுத்த ரம்மை நான் குடிக்கலையா? யாருக்குப் போட்டேன்?”

“அந்த ரம்மை நீ குடிச்சியா? அது மக்லீனுக்குன்னு வெச்சிருந்தது.”

“அவனும் குடிச்சான்.”

லோர்ன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பச்சைக்காரி கூட்டத்துக்கும் போயிருக்கா,” என்றார்.

பெர்லியும் எமெட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சை என்று ஒன்று வந்தபிறகு மனிதர்களைப் பற்றி எதையும் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.

மறுநாள் காலை, எட்டு மணிகூட ஆகவில்லை, தொலைபேசி அடித்தது. மகள் கார்லா எடுத்தாள். மேற்கே ஆல்பர்ட்டாவில் இருப்பவள். விமானம் மாறி மாறி ஞாயிறு இரவு வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து பாத்திரங்களைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் சாவு வீட்டுக்கென்று சமைத்துக் கொண்டுவந்து வைத்த கேசரோல் பாத்திரங்கள் சமையலறை முழுக்க நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“சிவப்புக் கட்சி ஆபீசாம்,” என்றாள் கார்லா, ரிசீவரின் வாயைக் கையால் பொத்தி. “அனுதாபமாம். ஓட்டுப் போடப் போக வண்டி வேணுமான்னு கேக்கறாங்க.”

“பொண்டாட்டியைப் பொதைக்கப் போறேன்னு சொல்லு.”

கார்லா அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தாள். உடனே மறுபடி அடித்தது. நீலம். அவர்களுக்கும் அனுதாபம், அவர்களிடமும் வண்டி.

மேஜைமேல் சர்க்கரை டப்பாவுக்குக் கீழே அரசாங்கம் அனுப்பிய வாக்கெடுப்பு விளக்கத் தாள் கிடந்தது. நாலாம் வகுப்பில் கடலுக்குப் போனவர் லோர்ன். எழுத்துக் கூட்டுவார், அவ்வளவுதான். படிக்க வேண்டியதையெல்லாம் எல்வாதான் படித்துச் சொல்வாள். அந்தத் தாளில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. சிரிக்கிற படம் போட்டு அரசாங்கம் அனுப்புகிற எதிலும் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பது லோர்னின் அனுபவம்.

பனி உருகாத நாள் ஒன்றில், இதே மேஜையில், எல்வா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை அவருக்கு விளக்கினாள்.

“இந்தத் தடவை எலெக்‌ஷனோட சேத்து ஒரு கேள்வியும் கேக்கறாங்க. ஓட்டுப் போடற முறையை மாத்தலாமா, வேணாமா. மாத்தினா அடுத்த தடவைலேருந்து கையில ரெண்டு சீட்டு. ஒண்ணு தொகுதி ஆளுக்கு, இப்ப மாதிரியே. இன்னொண்ணு கட்சிக்கு. தீவு முழுக்கக் கட்சிக்கு விழற ஓட்டையெல்லாம் கூட்டி, அந்த அளவுக்கு ஆளுங்களை சட்டசபைக்கு அனுப்புவாங்க.”

“அப்ப ஜெயிக்கறது யாரு?”

“எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம்.”

“எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஜெயிச்சா அது எலெக்‌ஷனே இல்ல.”

எல்வா சிரித்தாள். “நாம ஏன் போடறதில்ல? உன்னுது என்னுதை அடிச்சிடும், என்னுது உன்னுதை அடிச்சிடும். இதுல அப்படி அடிபடாது லோர்ன். உன்னுதும் கணக்குல நிக்கும், என்னுதும் நிக்கும். எங்கயாவது போய்ச் சேரும்.”

“எங்கயாவது போய்ச் சேர்றதுக்கு அது என்ன, தொலைஞ்சுபோன நாயா?”

அவள் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “இந்தத் தடவை போய்ப் போடலாமா?” என்றாள். “ரெண்டு பேருமே. சும்மா.”

“ஜோடின்னா ஜோடிதான்,” என்றார் லோர்ன்.

“சரி,” என்றாள். சீட்டைப் போட்டாள்.

அந்தச் ‘சரி’ இப்போது காதில் வேறு மாதிரி கேட்டது. எந்த மாதிரி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“அம்மா உன்கிட்ட போன்ல ஓட்டைப் பத்தி ஏதாவது சொன்னாளா?” என்று மகளைக் கேட்டார்.

“இல்லப்பா. குருவிக்கு வெக்கற விதை விலை ஏறிடுச்சுன்னு சொன்னாங்க.” கார்லா ஈரக் கையைத் துடைத்தாள். “ஏன், அம்மா போட்டா என்ன? ஆசையா இருந்திருக்கும், போட்டிருப்பாங்க.”

“வாக்குக் குடுத்தது?”

“அம்மா எத்தனையோ வாக்கைக் காப்பாத்தினாங்க. ஒண்ணை விட்டாங்க. அவ்வளவுதானே.”

அவ்வளவுதான் இல்லை. கார்லாவுக்கு இது புரியாது. அவளுக்கு இங்கே ஓட்டும் கிடையாது. எல்வா நீலம் போட்டிருந்தால் லோர்ன் போய்ச் சிவப்பு போட வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராகும். ஒருவேளை அவருக்காகச் சிவப்பே போட்டிருந்தால்? அப்படியென்றால் ஜோடிப்படி அவர் நீலம் போட வேண்டும். அவர் கை அதற்கு வருமா? பச்சை போட்டிருந்தால் என்ன செய்வது என்று யாரும் எந்தக் காலத்திலும் யோசித்தது கிடையாது. ஓட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு மடித்துக் கிடக்கிறது. அதில் அவள் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். வீட்டில் அவர் சட்டைப் பொத்தான் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுவரை அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். இதையும் அவளிடம்தான் கேட்க வேண்டும்.

மாதா கோயிலில் பாதிரியார் நன்றாகத்தான் பேசினார். எல்வா அடுப்பில் சுட்டுத் தரும் ஆப்பிள் ‘பை’யைப் பற்றிப் பேசினார், பாட்டுக் குழுவில் அவள் குரலைப் பற்றிப் பேசினார். சொன்ன சொல் தவறாதவள் என்று அவர் சொன்னபோது லோர்ன் முன் பெஞ்சின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் எமெட் ஒரு முறை இருமினான்.

கல்லறை மேட்டிலிருந்து துறை தெரிந்தது. மீன்பிடிப் பருவம் தொடங்க இன்னும் சில நாள்தான். சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். சிவப்பு மண் ஈரத்தில் கனத்து, பூட்ஸில் அப்பிக்கொண்டு வந்தது. பெட்டியை இறக்கியபிறகு லோர்ன் ஒரு பிடி எடுத்துப் போட்டார். விரல்களில் ஒட்டிய மிச்சத்தை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

சாப்பாடு சமூகக் கூடத்தில். அங்கேதான் ஓட்டுச் சாவடியும். கூடத்தை இன்றைய தேர்தலுக்கென்று முன்பதிவு செய்து பல வாரம் ஆகிறது. எல்வா செத்தது சனிக்கிழமை. தேர்தல்காரர்களும் மாதர் சங்கப் பெண்களும் பேசி, நடுவில் இருந்த மடிப்புச் சுவரை இழுத்து மூடினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஓரம் வெட்டிய முட்டை சாண்ட்விச், பன்றித் தொடைக்கறி, ஊறுகாய், கேக் துண்டுகள். அந்தப் பக்கம் ஓட்டுப் பெட்டி. ஊர் சாப்பிட்டுவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய்ப் பக்கவாசல் வழியாக மறுபக்கம் நுழைந்தது. சிலர் ஓட்டுப் போட்டுவிட்டு மறுபடி கேக்குக்கு வந்தார்கள்.

பச்சைக்காரி சமையலறை வாசலில் நின்று பாத்திரத்தைக் கொடுத்தாள். சதுரக் கண்ணாடிப் பாத்திரம். லோர்னுக்குத் தெரிந்த பாத்திரம்தான். அது வீட்டில் இல்லை என்பதுதான் தெரியாது. கவிழ்த்துப் பார்த்தார். அடியில் மஞ்சளடித்த டேப்பில் எல்வா என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது.

“என்ன கேட்டா?” என்றார் லோர்ன். “கூட்டத்துல.”

பச்சைக்காரி கொஞ்சம் தயங்கினாள். “‘இத்தனை வருஷமா போடாமலே வெச்சிருந்த ஓட்டுக்கு இந்தப் புது முறையில ஏதாவது வழி உண்டா’ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். அவங்க வேடிக்கைக்குச் சொல்றாங்கன்னு நெனச்சோம்.”

“அவ சிரிச்சாளா?”

“இல்லீங்க.”

அவள் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லோர்னுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

பெர்லி சாண்ட்விச் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நாள் முழுக்க எதையோ மென்று தீர்த்துவிட்டவன்போல இருந்தான்.

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன் மச்சான். எங்கக்கா நீலம் போட்டுட்டா. தப்புதான். நீ பேசாம அந்தப் பக்கம் போய் சிவப்பைப் போட்டுட்டு வந்துடு. நான் நீலக்காரன், நானே சொல்றேன். அதான் நியாயம்.”

“அவ சிவப்பு போட்டிருந்தா?”

“போட்டிருக்க மாட்டா. சரி, போட்டிருந்தான்னே வெய்யி. அப்ப நீலம் போடு. எதையாவது ஒண்ணைப் போட்டு அடிச்சிடு. அடிச்சிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்.”

“ஒண்ணுமே நடக்காத மாதிரி,” என்றார் லோர்ன்.

“ஆமா.”

லோர்ன் எழுந்தார். பாத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக மறுபக்கம் போனார். பெர்லி தட்டை வைத்துவிட்டு அவர் பின்னால் இரண்டடி வந்து, அப்படியே நின்றுகொண்டான்.

மேஜைக்குப் பின்னால் டோரீன் இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கார்லாவைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனவள். காலையில் மாதா கோயிலுக்கு வர முடியவில்லை என்று கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“பேரு சொல்லுங்க.”

“உனக்குத் தெரியாதா?”

“கேக்கணும் லோர்ன். சட்டம்.”

சொன்னார். அவள் கோடு போட்டாள். அவர் பெயருக்குப் பக்கத்தில் இதற்கு முன்னால் இந்த ஊரில் யாரும் கோடு போட்டதில்லை. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

“டோரீன், செத்தவ ஓட்டு செல்லுமா?”

டோரீனுக்கு உடனே புரிந்துவிட்டது. “உயிரோட இருக்கறப்ப போட்டதுதானே. பெட்டில விழுந்தது விழுந்ததுதான். ராத்திரி எண்ணுவாங்க.”

“எடுக்க முடியாதா?”

“எது அவங்களுதுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்.” இரண்டு சீட்டுகளை மடித்து அவரிடம் நீட்டினாள். “இது ஆளுக்கு. இது அந்தக் கேள்விக்கு. படிச்சுச் சொல்ல யாராவது வேணுமா? கார்லாவைக் கூப்பிடலாம்.”

“வேணாம்.”

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பலகை குறுகலாக இருந்தது. பாத்திரத்தைத் தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பலகைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் முதல் சீட்டை விரித்தார். மூன்று பெயர்கள். மூன்று பேரின் கையும் நேற்று அவர் கையில் இருந்தது. நூலில் கட்டிய பென்சிலை எடுத்தார். விரல் இடுக்கில் கல்லறை மண் காய்ந்து செதிலாக நின்றது.

சிவப்புக்காரன் பெயருக்கு நேராகப் பென்சிலைக் கொண்டுபோனார். பெட்டியில் இன்று ராத்திரி எண்ணப்போகிற ஒரு சீட்டு நினைவுக்கு வந்தது. பென்சில் தூக்கிக்கொண்டது. நீலத்துக்குக் கொண்டுபோனார். அதே சீட்டு நினைவுக்கு வந்தது. எங்கே வைத்தாலும் அது அவளுடையதன்மேல் போய் விழுந்துவிடும் போலிருந்தது. பெட்டிக்குள் அவளுடையது என்று மிச்சம் இருப்பது அது ஒன்று. வெளியே தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். லோர்ன் சீட்டை ஒன்றும் எழுதாமல் மறுபடி மடித்தார்.

இரண்டாவது சீட்டில் கேள்வி நீளமாக இருந்தது. முதல் வரியை எழுத்துக் கூட்டினார். இரண்டாவது வரியில் முதல் வரி மறந்துவிட்டது. அடியில் இருந்த இரண்டு சொற்கள் மட்டும் தெரிந்தன. ஆம். இல்லை. இதற்கு அவர்கள் ஜோடி போட்டதில்லை. ஜோடி போடும்போது இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இல்லை. இதில் அவர் எதைச் செய்தாலும் வாக்குத் தவறியதாக ஆகாது, காப்பாற்றியதாகவும் ஆகாது. இந்த முறை நல்லதா, இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அரசாங்கம் கேட்கிற கேள்விக்கு ஆம் என்று சொல்லி நல்லபடியாக முடிந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

எங்கயாவது போய்ச் சேரும் என்று அவள் சொன்னாள்.

ஆம் என்பதற்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டார். காகிதத்துக்குக் கீழே டேப்பின் விளிம்பில் ஏறி இறங்கியதில் கோடு ஒன்று வளைந்துவிட்டது. அழிக்க ரப்பர் இல்லை. சரியாகப் போட்டோமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டையும் கொண்டுபோய் அந்தந்தப் பெட்டிக்குள் போட்டார்.

வாசலில் சிவப்பு வண்டியும் நீல வண்டியும் அடுத்தடுத்து நின்றன. எமெட் கதவைத் திறந்துவிட்டான். பெர்லியும் திறந்துவிட்டான்.

“என்ன மச்சான், போட்டியா?”

“போட்டேன்.”

“எதைப் போட்டே?”

“உங்கக்கா எதைப் போட்டா?” என்று லோர்ன் கேட்டார்.

லோர்ன் இரண்டு கதவுகளையும் தாண்டி, கார்லாவின் வாடகைக் காரில் போய் ஏறி, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. கொல்லைக் கொடியில் சனிக்கிழமைத் துணி அப்படியே தொங்கியது. யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. கார்லா கூடையோடு வெளியே போனாள். சாவடி மூட இன்னும் நேரம் இருந்தது.

லோர்ன் கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். பாத்திரத்தை மற்றவர்களுடைய பாத்திரங்களோடு வைக்கப் போய், வேண்டாம் என்று அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் போய் ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்தார்.

கார்லா ஈரத் துணிக் கூடையோடு உள்ளே வந்தாள். “என்னப்பா இது, யாராவது கூப்பிடுவாங்களே.”

“இன்னைக்கு எலெக்‌ஷன்மா,” என்றார் லோர்ன்.

ரிசீவர் மேஜைமேல் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் அடங்கியது.